எஸ்டேட் டவுன்ல கிறிஸ்துவ கிளாம் மெட்டல் பேண்ட் நடத்துறது எப்படி: ஸ்ட்ரைப்பர் போன வழிய பாத்து

நேரா விஷயத்துக்கு வரேன். நம்ம மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் மாதிரி ஊருல, பெரிய ரோட்டத் தாண்டினா செம்பனை, அதத் தாண்டினா பால்மரம்னு இருக்கிற எடத்துல, சர்ச்சுல கித்தார் வாசிக்கிற பசங்க நாலு பேரு சேந்து கிளாம் மெட்டல் (பளபள டிரஸ், நீள முடியோட வாசிக்கிற சத்தமான ராக்) பேண்ட் போடலாம்னு நெனச்சா முதல் வேலையா ஆன்லைன்ல கித்தார் பெடல் விலை பாக்க போயிடாதீங்க. ஸ்ட்ரைப்பர்னு ஒரு பேண்ட் இருக்கு, அவங்க 40 வருஷக் கதைய ஒரு தடவ முழுசா பாருங்க. நீங்க மாட்டப் போற சிக்கல் முக்கால்வாசியில அவங்க ஏற்கனவே மாட்டிட்டாங்க, அதுவும் உலகமே வேடிக்கை பாக்க.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். கலிபோர்னியாவுல ஆரஞ்ச் கவுண்டி பசங்க. தம்பி மைக்கல் ஸ்வீட் பாட்டு, கித்தார். அண்ணன் ராபர்ட் ஸ்வீட் டிரம்ஸ். ஓஸ் ஃபாக்ஸ் ரெண்டாவது கித்தார், டிம் கேய்ன்ஸ் பேஸ். முதல்ல ராக்ஸ் ரெஜீம்னு பேரு, 1983ல ஸ்ட்ரைப்பர் ஆனாங்க. 1984ல எனிக்மா கம்பெனியில சின்ன ரெக்கார்டு ஒண்ணு, 1985ல சோல்ஜர்ஸ் அண்டர் கமாண்ட், 1986 அக்டோபர்ல டு ஹெல் வித் தி டெவில். இந்த மூணாவது அமெரிக்காவுல மட்டும் 10 லட்சத்துக்கு மேல வித்துச்சு, கிறிஸ்துவ மெட்டல்ல அதுக்கு முன்ன யாரும் அவ்வளவு தூரம் போனதில்ல. எம்டிவில மோட்லி குரூ மாதிரி ஆளுங்களோட பாட்டுக்கு பக்கத்துல இவங்க பாட்டும் ஓடுச்சு. அப்புறம் 1990ல சறுக்கல், 1992ல பாட்டுக்காரரே வெளிய போயிட்டாரு, பேண்ட் கலைஞ்சுது, 2003ல திரும்ப ஒண்ணா டூர் போனாங்க, 2005ல ரீபார்ன், அதுக்கப்புறம் நிக்கவே இல்ல, 2024லயும் புது ஆல்பம் போட்டிருக்காங்க.

இதுல நமக்கு வேண்டிய பாடம் ஒண்ணே ஒண்ணுதான், மத்ததெல்லாம் அதுல இருந்து வர்றதுதான்: இந்த மாதிரி பேண்டுக்கு மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் இடி. சர்ச்காரங்க இது பேய்ச் சத்தம்னு சொல்லுவாங்க, மெட்டல் கேக்கிறவங்க இது சண்டே ஸ்கூல்டான்னு சிரிப்பாங்க. ரெண்டு இடியையும் வாங்கிக்கிட்டு நின்ன வரைக்கும் ஸ்ட்ரைப்பர் மேல ஏறினாங்க, ஒரு பக்கத்த சமாதானம் பண்ணப் போனப்பதான் கீழ இறங்கினாங்க.

யாருக்கு வாசிக்கப் போறீங்கன்னு முதல்ல பேசி முடிங்க

கித்தார தொடறதுக்கு முன்னால ஒரு நாள் மாமாக் கடையில உக்காந்து, ஆளுக்கு ஒரு தே தாரே டீ வாங்கிக்கிட்டு, இதப் பேசி முடிச்சிடுங்க. சர்ச்சுக்குள்ள மட்டும் வாசிக்கிற பேண்டா, இல்ல வெளிய ஈப்போ பக்கம் கிக்ஸ்லயும் (மேடை ஷோ) வாசிக்கிற பேண்டா? ரெண்டும்னு சொல்றீங்கன்னா சரி, ஆனா ரெண்டு எடத்துலயும் அதே பாட்டு, அதே டிரஸ், அதே பேச்சு. சர்ச்சுல சாந்த சொரூபி, வெளிய வேற ஆளுன்னு இருந்தா இந்த ஊருல ஒரு வாரம் தாங்காது. உங்க கித்தார்காரனோட சித்தி ஒருத்தங்க அந்த கிக் வீடியோவ குடும்ப வாட்சப் குரூப்ல போட்டுடுவாங்க, ஞாயித்துக்கிழமை காலையில ஆராதனை முடிஞ்சதும் விசாரணை ஆரம்பிச்சிடும்.

ஸ்ட்ரைப்பர் ஆரம்பத்துல இருந்தே பார்லயும் கிளப்லயும்தான் வாசிச்சாங்க, சர்ச் சுத்தி இல்ல. டிவி பிரசங்கி ஜிம்மி ஸ்வாகர்ட் வெளிப்படையா திட்டினாரு, ஷோவுக்கு வெளிய சில சர்ச் ஆளுங்க அட்டை பிடிச்சிக்கிட்டு நின்னாங்க, உள்ள சில பேரு கத்தி கலாட்டா பண்ணாங்க. அவங்க மாத்திக்கல. 1990ல அகெய்ன்ஸ்ட் தி லா ஆல்பத்துல மட்டும்தான் மஞ்ச கருப்பு டிரஸ்ஸ கழட்டிட்டு, பாட்டு வரியில சாமி பேர நேரா சொல்றத விட்டுட்டு, சாதாரண ஹார்ட் ராக் பேண்ட் மாதிரி வந்தாங்க. மியூசிக்கா பாத்தா அது மோசமான ஆல்பமே இல்ல, கித்தார் வேலை அதுல பிரமாதம்னு நான் இன்னும் சொல்லுவேன். ஆனா பழைய ரசிகருங்க என்னடா இதுன்னு ஒதுங்கிட்டாங்க, புது ஆளுங்களும் வரல. அந்த நேரத்துல எனிக்மா கம்பெனியும் ஆட்டம் கண்டுடுச்சு, கொஞ்ச நாள்ல கிரஞ்ச்னு வேற ராக் வகை வந்து கிளாம் மொத்தத்தையும் வாரிக்கிட்டு போயிடுச்சு, அதனால எல்லாப் பழியையும் டிரஸ் மாத்தினது மேல போடவும் முடியாது. இருந்தாலும் யாருக்காக மாத்தினோம்னு கேட்டா பதில் இல்லாத மாத்தம் அது.

பாடுற ஆளு

இதுக்குத்தான் அதிக நேரம் செலவு பண்ணணும், மத்த எதுக்கும் இல்ல. கித்தார் வாசிக்கிற பையன் ஒவ்வொரு குடியிருப்பு தாமான்லயும் ரெண்டு பேரு இருக்கான். மைக்கல் ஸ்வீட் மாதிரி மேல போயி சுருதி விலகாம நிக்கிற குரல் கெடைக்கிறதுதான் கஷ்டம்.

என் யோசனை, ஒரு பொண்ணப் பாட வைங்க. சீரியஸாத்தான் சொல்றேன். அந்த மாதிரி உச்ச ஸ்தாயி ஆம்பளைங்களுக்கு தொண்டைய பிழியிற எடம், நம்ம குவாயர்ல பாடுற பொண்ணுங்களுக்கு அது சும்மா பேசுற எடம் மாதிரி. ஆம்பளக் குரல்தான் வேணும்னா பிரச்சனை இல்ல, ஒரிஜினல் சுருதியில பாடணும்னு ஒரு சட்டமும் கிடையாது, கித்தார எல்லாரும் அரை ஸ்டெப் இல்ல ஒரு ஸ்டெப் எறக்கி டியூன் பண்ணிக்கிட்டா விரல் வைக்கிற எடம் மாறாது, பாடுறவனுக்கு மூச்சு கெடைக்கும், சவுண்டும் கனமா வரும். ஒரு ஸ்டெப் எறக்கினா கம்பி தொளதொளன்னு இருக்கும், அதனால ஒரு சைஸ் தடிமனான கம்பி மாட்டுங்க.

அடுத்தது ஹார்மனி. ஸ்ட்ரைப்பர் பாட்ட கண்ண மூடிக் கேட்டா மெட்டல விட முதல்ல காதுல விழுறது அந்த கோரஸ் குரலுங்கதான், மூணு அடுக்கா. இங்கதான் நம்மளுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு, பட்டணத்து மெட்டல் பசங்களுக்கு இது கெடைக்காது. மெதடிஸ்டா இருக்கட்டும் லுத்தரனா இருக்கட்டும், நம்ம தமிழ் சர்ச்சுங்கள்ல நாலு குரல்ல பாடிப் பழகின ஒரு ஆண்ட்டி கண்டிப்பா இருப்பாங்க. கிறிஸ்மஸ் கேரல் சீசன்ல ஆல்ட்டோ பார்ட் சொல்லிக் குடுத்து பொறுமை இழந்து பென்சிலால மேசைய தட்டுவாங்களே, அவங்கதான். அவங்கள பிராக்டிஸுக்கு கூப்பிடுங்க. கித்தார் ஆம்ப்ப அணைச்சிட்டு, டிரம்ஸ் இல்லாம, சும்மா ஒரு கீபோர்டுல நோட்ட அடிச்சி, மெயின் மெட்டுக்கு மேல ஒரு மூணாம் சுரம், கீழ ஒண்ணுன்னு கோரஸ மட்டும் திரும்பத் திரும்ப பாட வைங்க. சத்தம் இல்லாம ஒழுங்கா வந்தப்புறம்தான் ஆம்ப்ப ஆன் பண்ணணும். மாத்திப் பண்ணீங்கன்னா கித்தார் சத்தத்துல எல்லாரும் ஒரே நோட்ட கத்திக்கிட்டிருப்பீங்க, கேக்கிறவங்களுக்கு பாசார் மாலம் ராத்திரி சந்தையில மீன் விக்கிற மாதிரி தெரியும். அந்த ஆண்ட்டிய கூப்பிட்டதுல இன்னொரு லாபமும் இருக்கு, அத கமிட்டி விஷயத்துல சொல்றேன்.

ரெண்டு கித்தார் ஒண்ணா சோலோ வாசிக்கிறதும் இதே கணக்குதான். ஒருத்தன் ஸ நோட்டுல ஆரம்பிச்சா இன்னொருத்தன் க நோட்டுல, அதே ஸ்கேல்ல கூடவே நடக்கணும். வேகமா வாசிக்கிறது முக்கியமில்ல, ரெண்டு பேரும் கம்பிய இழுக்கிற அளவு ஒண்ணா இருக்கணும், இல்லன்னா பல் கூசும்.

பாட்டு எங்க இருந்து எடுக்கிறது

கவர் (மத்தவங்க பாட்டு) மட்டும் வாசிச்சி காலத்த ஓட்டாதீங்க. சொந்தமா எழுதறது கஷ்டமா இருந்தா நம்ம கிட்ட ஒரு பொக்கிஷம் சும்மா கெடக்கு, பழைய தமிழ் கீர்த்தனைங்க. அத நெறைய எழுதின வேதநாயகம் சாஸ்திரியார் காலம் 1774 இருந்து 1864 வரைக்கும். மலேசியாவுல எழுதினவர் காலமாயி 50 வருஷம் வரைக்கும்தான் காப்பிரைட், அதனால அவர் பாட்ட நீங்க எப்படி வேணும்னாலும் புதுசா அமைச்சுக்கலாம், யாருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல. அதுலயும் மைனர் சாயல் இருக்கிற ராகத்துல வர்ற கீர்த்தனையா பொறுக்குங்க. நடபைரவின்னா கித்தார்காரங்க சொல்ற நேச்சுரல் மைனர்தான், கீரவாணின்னா ஹார்மோனிக் மைனர், அது மெட்டல்காரங்களுக்கு தாய்ப்பால் மாதிரி. கீழ பவர் கார்டு, மேல கீர்த்தனை மெட்டு, தானா பொருந்தும். முன்வரிசை தாத்தாங்க முதல் வரிய கேட்டதும் சத்தத்த மன்னிச்சிடுவாங்க, ஏன்னா பாட்டு அவங்களுக்கு மனப்பாடம்.

சொந்தமா தமிழ்ல எழுதுறவங்களுக்கு ஒரு டெக்னிக். உச்சத்துக்குப் போற எடத்துல என்ன எழுத்து விழுதுன்னு பாத்து எழுதுங்க. ஆ, ஏ, ஓ மாதிரி நெடில் வந்தா வாய் தெறந்து குரல் பறக்கும், வாரும், நீரே, என்னோடேன்னு. அதே எடத்துல வந்து, எனக்கு, தந்ததுன்னு து, கு-ல முடிஞ்சா குரல் அங்கயே செத்துடும், எவ்வளவு நல்ல பாடகரா இருந்தாலும் இழுக்க முடியாது. கருத்து அருமையா இருக்குன்னு வரிய மாத்தாம அடம் பிடிக்கிற பாட்டெழுதி பேண்டுக்கு ஒருத்தன் இருப்பான். அவனையே மேல ஏறிப் பாடச் சொல்லுங்க, அடுத்த நிமிஷம் மாத்திடுவான்.

மெதுவான பாட்டு ஒண்ணு கண்டிப்பா வேணும். டு ஹெல் வித் தி டெவில்ல எல்லாமே அடிதடியா இருந்தாலும் பில்போர்டு ஹாட் 100ல 23ஆம் எடம் வரைக்கும் ஏறினது ஹானஸ்ட்லின்ற பியானோ பாட்டுதான். நம்ம ஊருலயும் அப்படித்தான், அம்மாங்க ஃபோன எடுத்து வீடியோ பிடிக்கிறது அந்தப் பாட்டுக்குத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு போதும், ரெண்டாவது வச்சா தூங்கிடுவாங்க. மொத்தம் அஞ்சு பாட்டு, 25 நிமிஷம், அதுக்கு மேல கிறிஸ்மஸ் நைட்ல யாரும் டைம் குடுக்க மாட்டாங்க, நடுவுல லக்கி ட்ரா வேற இருக்கும்.

மஞ்ச கருப்பு, முடி, வேர்வை

கிளாம்னு பேர வச்சிட்டு ஜீன்ஸ் டீசர்ட்ல ஏறினா அது கிளாம் இல்ல. ஸ்ட்ரைப்பர் தலையில இருந்து கால் வரைக்கும் மஞ்ச கருப்பு வரி, கித்தார், டிரம், ஸ்டேஜ் சாமான் எல்லாத்துலயும் அதே வரி, லோகோவுல ஏசாயா 53:5. தூரத்துல இருந்து ஒரு போட்டோவ பாத்தாலே இவங்கதான்னு தெரியும். ராபர்ட் ஸ்வீட் டிரம் செட்டயே பக்கவாட்டுல திருப்பி வச்சிருப்பாரு, தான் அடிக்கிறது ஜனங்களுக்கு தெரியணும்னு. இது செலவே இல்லாத ஐடியா, டேவான் (மண்டபம்) ஸ்டேஜ் சின்னதா இருந்தா எடமும் மிச்சம், செஞ்சு பாருங்க.

ஆனா பேராக்ல இருந்துக்கிட்டு மஞ்ச கருப்பு போடாதீங்க. மாநிலக் கொடியே வெள்ள, மஞ்ச, கருப்பு. பேராக் பந்து டீமுக்கும் அதே கலர்தான். நீங்க ஸ்டேஜ்ல ஏறினதும் பின்னால இருந்து ஒருத்தரு அந்த டீமோட பட்டப்பேரான செலாடாங்னு கத்துவாரு, அவ்வளவுதான், மொத்த கூட்டமும் சிரிச்சிடும், நீங்க என்ன பாடினாலும் மேட்ச் ஞாபகம்தான் வரும். உங்களுக்குன்னு ரெண்டு கலர் எடுங்க. கருப்பும் ஊதாவும் நல்லா இருக்கும், லெந்து (தவக்கால) நாள்ல சர்ச்சுல விரிக்கிற கலரும் ஊதாதான், அதனால பெரியவங்க கண்ணுக்கும் உறுத்தாது. ரெண்டு கலருக்கு மேல போகாதீங்க.

துணி விஷயம். அமெரிக்காக்காரன் போட்டிருந்த ஸ்பாண்டெக்ஸ், லெதர் எல்லாம் நம்ம வெயிலுக்கு ஆகாது, சாயங்காலம் ஏழு மணிக்கும் டேவான் உள்ள புழுக்கம் குறையாது, ஃபேன் சுத்தறது சூட்ட கலக்கத்தான். சைக்கிள் ஓட்டுறவங்க போடுற டைட்ஸ் துணி வேர்வைய உறிஞ்சி சீக்கிரம் காயும், அத வாங்கி வரி மட்டும் தைக்கச் சொல்லுங்க. டைலர் அக்காகிட்ட தீவாளிக்கு ரொம்ப முன்னாலயே குடுத்துடணும், அக்டோபர் வந்தா பஞ்சாபி சூட்டு மலை மாதிரி குவிஞ்சிருக்கும், உங்க ஊதா வரிய தொடக்கூட மாட்டாங்க. கித்தார்ல வரி போட பெயிண்ட் அடிக்காதீங்க, வித்தா விலை போகாது. வயரிங் டேப் போதும், ஆனா ஷோ முடிஞ்ச ராத்திரியே உரிச்சிடணும், காருக்குள்ள வெயில்ல வச்சிட்டீங்கன்னா பசை இளகி பாடி பூரா பிசுபிசுன்னு ஒட்டிக்கும், அப்புறம் மண்ணெண்ணெய் தொட்டு துணியால தேச்சி தேச்சி கை வலிக்கும்.

முடி. ஸ்கூல் பசங்களுக்கு நீள முடி நடக்காத காரியம், டிசிப்ளின் டீச்சர் கத்திரிக்கோலோட நிப்பாரு. வேலைக்குப் போறவங்களுக்கும் ஃபேக்டரியில பிரச்சனை. இந்த நாட்டுல 1992ல அரசாங்க டிவி ஆர்டிஎம் நீள முடி ராக்கருங்கள டிவில காட்ட மாட்டோம்னு சொன்னப்ப செர்ச், விங்ஸ் மாதிரி பெரிய பேண்ட் பாட்டுக்காரங்களே முடி வெட்ட வேண்டியதாச்சு, அதுக்கப்புறமும் அவங்கள யாரும் மறக்கல. அதனால முடிக்காக வீட்டுல சண்ட போடாதீங்க. விக் வேணாம், வேர்வையில வழுக்கி கண்ண மறைக்கும். நெத்தியில ஒரு துணி கட்டுங்க, கண்ணுக்கு தண்ணியில கரையாத மையி, போதும். ஹேர் ஸ்ப்ரே அடிக்கிறதா இருந்தா வெளிய வராந்தாவுல அடிங்க, உள்ள அடிச்சா பாடுற ஆளுக்கு தொண்ட கட்டிடும்.

சர்ச் கமிட்டி

இத தள்ளிப் போடாதீங்க. போஸ்டர் ஒட்டினப்புறம் போயி பர்மிஷன் கேக்கிறது நம்ம பசங்க வழக்கமா பண்ற வேலை. முதல்லயே போங்க, போகும்போது பாட்டு வரிய டைப் பண்ணி பிரிண்ட் எடுத்து கையில கொண்டு போங்க. கமிட்டி அங்கிளுங்களுக்கு உண்மையில சத்தம் பிரச்சனை இல்ல, உறுமி மேளம் பக்கத்து தெருவுல ராத்திரி பூரா அடிக்கிறத கேட்டு வளந்தவங்கதான் அவங்களும். நீங்க என்ன பாடுறீங்கன்னு காதுல விழல, அதான் பயம். வரிய படிச்சா பாதி பயம் போயிடும். மீதி பாதிக்கு அந்த குவாயர் ஆண்ட்டி இருக்காங்க, பசங்க ஒழுங்காத்தான் பாடுறாங்க ஐயரேன்னு போதகர்கிட்ட அவங்க ஒரு வார்த்த சொன்னா கேஸ் முடிஞ்சுது.

ஆல்பம் பேரு, பேண்ட் பேரு, போஸ்டர் படம் மூணுலயும் பேய், நரகம், கொம்புன்னு எதுவும் வேணாம்னு சொல்லுவேன். ஸ்ட்ரைப்பருக்கே 1986ல அட்டப்படத்துக்கு எதிர்ப்பு வந்து வெறும் கருப்பு அட்டையில வேற பதிப்பு போட வேண்டி வந்துச்சு. 2018ல வந்த ஆல்பத்தோட தலைப்ப பாத்துட்டு வால்மார்ட் கடைக்காரங்க விக்க மாட்டோம்னுட்டாங்க. அவங்க அளவுக்கு பேரு இருந்தா அது விளம்பரமா மாறும். நமக்கு டேவான் சாவி கெடைக்காமப் போகும், அவ்வளவுதான்.

ஒருவேள ஒத்துக்கலன்னா? மரியாதையா வெளிய வந்துடுங்க, வேற சர்ச் யூத் கிட்ட கேளுங்க. குரூப்ல போயி மெசேஜ் போட்டு சண்ட வளக்காதீங்க. அதே அங்கிள் கல்யாண வீட்டுல உங்களுக்கு பக்கத்துல எல போட்டு உக்காருவாரு.

பெர்மிட், பைபிள்

சர்ச் காம்பவுண்டுக்குள்ள நடக்கிற நிகழ்ச்சிக்கு அவ்வளவு அலைச்சல் இல்ல. பாடாங் திடல்லயோ டவுன் டேவான்லயோ வச்சா ஊர் மன்றமான மாஜ்லிஸ்கிட்டயும் போலீஸ்கிட்டயும் எழுத்துல வாங்கணும், சுங்கை சிப்புட்டுக்கு மாஜ்லிஸ் கோலாகங்சார்ல இருக்கு, ஒரு மாசத்துக்கு முன்னாலயே ஆரம்பிங்க. கவர் பாட்டு வாசிக்கிறதா இருந்தா பாட்டு எழுதினவங்களுக்கு சேர வேண்டிய லைசன்ஸ் எம்ஏசிபின்ற காப்பிரைட் அமைப்பு கிட்ட, அது நிகழ்ச்சி நடத்துறவங்க வேலை, ஆனா எடுத்தாச்சான்னு நீங்க ஒரு வார்த்த கேட்டுக்குங்க.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். ஸ்ட்ரைப்பர் ஷோவுல கூட்டத்துக்குள்ள புதிய ஏற்பாடு புத்தகத்த தூக்கி எறிவாங்க, அது அவங்க அடையாளமே. அத இங்க காப்பி அடிக்காதீங்க. அரசியலமைப்பு 11(4) பிரிவுல, இஸ்லாமியர்கள் மத்தியில மத்த மதத்த பரப்புறதுக்கு மாநில சட்டம் கட்டுப்பாடு போடலாம்னு இருக்கு, பேராக்லயும் அந்த மாதிரி சட்டம் இருக்கு. பாடாங்ல யாரு வந்து நிப்பாங்க யாரு கையில போயி விழும்னு உங்களுக்கு தெரியாது. மேடையில இருந்து யாரையும் மதம் மாறக் கூப்பிடுற பேச்சும் வேணாம். பாட்டு பாடுங்க, ரெண்டு வரி உங்க சாட்சி சொல்லுங்க, எறங்குங்க. புத்தகம் குடுக்கணும்னா சர்ச்சுக்குள்ள வாசல்ல ஒரு மேசை போட்டு நம்ம சபையாருக்கு குடுங்க. எறியணும்னு கை அரிச்சா டிரம் குச்சிய எறியுங்க, உடஞ்சதா பாத்து.

ரூம், கரண்ட், மழை

பிராக்டிஸ் எடத்துக்கு பழைய தோட்டத்து டேவானோ மூடின பாலர் பள்ளி கட்டடமோ கெடைக்கும், யாரு பொறுப்புன்னு விசாரிச்சி சாவி வாங்குங்க. முட்ட அட்டைய செவுத்துல ஒட்டாதீங்க, வெளிய போற சத்தம் அதனால குறையாது, கரப்பான்தான் குடியேறும். பழைய மெத்தை, கனமான திரை இருந்தா உள்ள எதிரொலி கொஞ்சம் அடங்கும். சிங்கு (தகர) கூரையில மழை பேஞ்சா ஒண்ணும் கேக்காது, நம்ம பக்கம் பேயிறது பாதி நாள் சாயங்காலம்தான், அதனால எட்டு மணிக்கு மேல வச்சி பத்துக்கு முடிச்சிடுங்க. காலையில பெரட்டுக்கு (தோட்ட வேலை ஆஜருக்கு) போறவங்க வீடு பக்கத்துல இருந்தா ஒம்போதரைக்கே முடிங்க.

ஆம்ப், மிக்ஸர் எல்லாத்தையும் முடிஞ்ச வரைக்கும் ஒரே லைன்ல இருந்து எடுங்க, வேற வேற பிளக்ல இருந்து எடுத்தா உம்ம்னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்காக பிளக்ல எர்த் முள்ள கழட்டுற வேலை மட்டும் வேணாம், ஈரக் காலோட மைக்க வாயில வச்சி நிக்கிற ஆளு உங்க பாடகர். அமெரிக்காவுல இருந்து செகண்ட் ஹேண்ட் ஆம்ப் மலிவா வருதுன்னு வாங்கினீங்கன்னா பின்னால எத்தன வோல்ட்னு பாருங்க, 120 போட்டிருந்தா நம்ம 230ல சொருகின ஒடனே பொகையும். கம்பிய வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால துடைங்க, இந்த ஈரக்காத்துல சும்மா விட்டா சீக்கிரமே துரு பிடிச்சி விரல் கருப்பாயிடும்.

ஆளு போறதும் வர்றதும்

ஊர் பேண்டுங்கள கொல்றது சண்டை இல்ல, வேலை. ஒருத்தன் ஃபார்ம் ஃபைவ் முடிச்சி பாலிடெக்னிக் போயிடுவான், ஒருத்தனுக்கு சிங்கப்பூர்ல வேலை கெடைக்கும், டிரம்மரு ஈப்போ ஃபேக்டரியில நைட் ஷிப்ட். அதனால ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ரெண்டாவது ஆள முதல் நாள்ல இருந்தே பழக்குங்க, தம்பி வயசு பசங்க போதும். ஸ்ட்ரைப்பரோட பெரிய ஹிட் ஆல்பத்துலயே பேஸ் வாசிச்சது டிம் கேய்ன்ஸ் இல்ல, அந்த நேரம் அவர் பேண்ட்ல இல்லாததால பிராட் காப்னு வேற ஒருத்தரு வாசிச்சாரு. 2017ல ஃபயர்ஹவுஸ்ல இருந்த பெர்ரி ரிச்சர்ட்சன் பேஸுக்கு வந்தாரு. 2018ல ஓஸ் ஃபாக்ஸுக்கு மேடையிலயே வலிப்பு வந்து மூளையில கட்டின்னு தெரிஞ்சுது, அதுக்கப்புறமும் பேண்ட் ஓடுச்சு, அவரும் திரும்ப வந்து வாசிச்சாரு.

ரெக்கார்டிங் பத்தி ரெண்டு வரி. ஃபோன்ல எடுத்தாலும் பரவாயில்ல, ஆனா டிஜிட்டல் மிக்ஸர் கெடைச்சா ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியா எடுத்து ரெண்டு எடத்துல வைங்க, பாட்டு யாரு எழுதினதுன்னு ஒரு தாள்ல எழுதி எல்லாரும் கையெழுத்து போடுங்க. யாராவது ரெக்கார்டு கம்பெனின்னு சொல்லிக்கிட்டு வந்தா முதல்ல ரெக்கார்டிங் யாருக்கு சொந்தம்னு கேளுங்க. கையெழுத்து போட்ட எனிக்மா கம்பெனி காணாமப் போயி ரொம்ப காலம் கழிச்சி, 2013ல ஸ்ட்ரைப்பர் தங்களோட 80கள் பாட்டையே திரும்ப ஸ்டுடியோ போயி புதுசா பாடி தனி ஆல்பமா போட்டாங்க.

மாசத்துக்கு ஆளுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்) ஒரு டப்பாவுல போடுங்க, கணக்கு எழுதுறது பேஸ் வாசிக்கிறவன் இல்லன்னா அந்த ஆண்ட்டி, கித்தார்காரன் கையில குடுத்தா பெடலா மாறிடும். ஊர விட்டு போறவன் பங்க கேட்டா குடுத்துடுங்க, பேசிக்கிட்டு நிக்காதீங்க, தீவாளிக்கும் கிறிஸ்மஸுக்கும் லீவுல வருவான், அப்ப ஒரு பாட்டுக்கு மேடையில ஏத்துங்க. டிரம் செட்டு யாரு வீட்டுல இருக்கணும்ன்றத மட்டும் இப்பவே முடிவு பண்ணுங்க, லோரி வச்சிருக்கிற வீடா இருந்தா நல்லது, ஷோ அன்னைக்கு டீசல் காச டப்பாவுல இருந்து எடுத்துக்கலாம்.